விண்டோவின் ஓரம் ஏன் மவுஸில் சிக்க மாட்டேன் என்கிறது?

இடது பக்கம் ஒரு பிடிஎஃப், வலது பக்கம் வேர்ட். ஒன்றைப் பார்த்து இன்னொன்றில் தட்டச்சு செய்ய வேண்டும், அதற்காக வேர்டின் அகலத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். மவுஸை ஓரத்துக்குக் கொண்டுபோனால் பாயிண்டர் ஒரு கணம் இரட்டைத் தலை அம்பாக மாறும், கிளிக் செய்வதற்குள் பழையபடி ஒற்றை அம்பாகிவிடும். கொஞ்சம் உள்ளே தள்ளிக் கிளிக் செய்தால் ஸ்க்ரோல் பார் ஓடும். கொஞ்சம் வெளியே போனால் பின்னால் இருந்த விண்டோ முன்னால் வந்து, நாம் பிடிக்க நினைத்தது அதற்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். இது நாலு தடவை நடந்தால் போதும், கை நடுங்குகிறதோ, கண்ணாடியை மாற்ற வேண்டுமோ என்று சந்தேகம் வந்துவிடுகிறது. பெரும்பாலும் கையில் ஒன்றும் கோளாறு இல்லை. குறி ரொம்பச் சிறியது, அவ்வளவுதான்.

முதலில் இரண்டு விஷயம் பார்த்துவிடுங்கள். விண்டோ திரை முழுக்க விரிந்து மேக்ஸிமைஸ் ஆகியிருந்தால் ஓரத்தை எவ்வளவு தேடினாலும் அந்த அம்பு வராது. விண்டோவின் தலையில் பெயர் தெரியும் பட்டையை, அதாவது டைட்டில் பாரை, இரட்டைக் கிளிக் செய்து சாதாரண அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஓரம் என்று ஒன்று இருக்கும். அப்புறம், சில பெட்டிகளின் அளவை மாற்றவே முடியாது, செய்தவர்களே அப்படிப் பூட்டிவைத்திருப்பார்கள். மவுஸ் செட்டிங் மாற்றும் பழைய மவுஸ் பிராப்பர்ட்டீஸ் பெட்டியே அந்த ரகம்தான் என்பது கொஞ்சம் வேடிக்கை.

சரி, குறி எவ்வளவு சிறியது? விண்டோஸ் 7 வைத்திருந்தவர்களுக்கு நினைவிருக்கும், கண்ணாடி மாதிரி தடித்த ஓரம் சுற்றிலும் தெரியும், எங்கே பிடிக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விண்டோஸ் 10 வந்தபோது அது ஒரு பிக்சல் கோடாகச் சுருங்கிவிட்டது. ஆனால் சுருங்கியது தெரிகிற கோடு மட்டும்தான். திரையில் எல்லாம் எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்று சொல்லும் ஸ்கேலிங் 100 சதவீதத்தில் இருந்தால் பிடிக்கக்கூடிய ஓரம் மொத்தம் 8 பிக்சல் இருக்கிறது, அதில் 1 பிக்சல் கண்ணுக்குத் தெரியும், மீதி 7 பிக்சல் கண்ணுக்குத் தெரியாமல் விண்டோவுக்கு வெளியே, நிழல் விழுகிற இடத்தில் இருக்கிறது. இது தெரியாததால்தான் எல்லோரும் கோட்டின் மேலேயே குறிவைத்துத் தவறவிடுகிறோம். கோட்டுக்கு ஒரு நூலளவு வெளியே குறிவையுங்கள், எந்த செட்டிங்கும் மாற்றாமலே பாதிச் சண்டை தீர்ந்துவிடும். இடது, வலது, கீழ் ஓரங்களுக்கு இது பொருந்தும். மேல் ஓரம் மட்டும் நேர்மாறு: அங்கே பிடிக்கும் இடம் டைட்டில் பாருக்கு உள்ளே இருக்கிறது, அதனால் வெளியே குறிவைத்தால் கிடைக்காது, கோட்டை ஒட்டி உள்ளே வர வேண்டும்.

8 பிக்சல் என்பது திரையைப் பொறுத்து மாறும். 24 அங்குல ஃபுல் ஹெச்டி மானிட்டரில் அது ஏறக்குறைய 2.2 மில்லிமீட்டர். அதே 1920 × 1080 பிக்சலை 15.6 அங்குல லேப்டாப்பில் அடைத்தால் 1.4 மில்லிமீட்டர்தான். நிறைய இடம் கிடைக்கும் என்று ஆசைப்பட்டு லேப்டாப் ஸ்கேலிங்கை 100 சதவீதத்துக்குக் குறைத்து வைத்திருப்பவர்கள், எழுத்தோடு சேர்த்து ஓரத்தையும் மெலிய வைத்துவிட்டார்கள். 125 சதவீதத்துக்கு ஏற்றினால் எழுத்து பெரிதாகும், ஓரமும் அதற்கேற்பத் தடிக்கும். டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ஒரே ஒரு மாற்றம்.

இப்போது கைக்கு வருவோம். மவுஸ் வாங்கிய அட்டைப் பெட்டியில் டிபிஐ என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் கணினிக்கு எத்தனை அடி எடுத்துவைத்ததாகச் சொல்கிறது என்பதுதான் அது. 1600 டிபிஐ மவுஸ் என்றால், வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் எதுவும் இல்லாத நிலையில், ஓர் அங்குலத்துக்குப் பாயிண்டர் 1600 பிக்சல் ஓடும். அப்படியானால் 8 பிக்சல் ஓரத்துக்குள் பாயிண்டர் நிற்க, உங்கள் கை 0.13 மில்லிமீட்டர் இடத்துக்குள் நிற்க வேண்டும். அந்த இடத்தில் நின்றபடியே, அசையாமல், பட்டனை வேறு அழுத்த வேண்டும். விரல் அழுத்தும் போதே மவுஸ் அதைவிட அதிகமாக நகர்ந்துவிடும். 800 டிபிஐ என்றால் 0.25 மில்லிமீட்டர், கொஞ்சம் தேவலை. கையைக் குறை சொல்லாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இதுதான் கணக்கு.

இதற்கு ஒரு விதியே இருக்கிறது. பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954ல், கையில் குச்சியைக் கொடுத்து உலோகத் தகடுகளை மாறி மாறித் தொடச் சொல்லிக் கண்டறிந்தது: ஒரு குறியைத் தொடும் கஷ்டம், தூரத்தை இரண்டால் பெருக்கி அகலத்தால் வகுத்து, அதற்கு 2ஐ அடியாகக் கொண்ட மடக்கை எடுத்தால் வருவது. கணினி மவுஸ் வருவதற்கு முந்தைய ஆராய்ச்சி, ஆனால் மவுஸுக்கும் அப்படியே பொருந்துகிறது. 800 பிக்சல் தள்ளி இருக்கும் 8 பிக்சல் ஓரம் என்றால் கஷ்டம் 7.6. ஓரம் 16 பிக்சலாக இருந்தால் 6.6. அதாவது அகலத்தை இரட்டிப்பாக்கினால் சரியாக ஒரு படி குறைகிறது, தூரத்தைப் பாதியாக்கினாலும் அதே ஒரு படிதான் குறைகிறது. திரையின் விளிம்பில் இருக்கும் பொருளைப் பிடிப்பது ஏன் சுலபம் என்றால், அங்கே பாயிண்டர் முட்டி நின்றுவிடுகிறது, தாண்டிப் போக வழியில்லை. விண்டோவின் ஓரம் திரைக்கு நடுவில் கிடக்கிறது, முட்டி நிற்க எதுவும் இல்லை. ஆக நம்மிடம் மூன்று வழி: பாயிண்டரை மெதுவாக்கலாம், ஓரத்தை அகலமாக்கலாம், அல்லது ஓரத்தின் பக்கமே போகாமல் இருக்கலாம். மூன்றாவதுதான் என் கட்சி, ஆனாலும் வரிசையாகவே பார்ப்போம்.

விண்டோஸ் 11ல் செட்டிங்ஸ், அதில் புளூடூத் அண்ட் டிவைசஸ், அதில் மவுஸ் என்று போனால் மவுஸ் பாயிண்டர் ஸ்பீட் என்று ஒரு இழுப்பான் இருக்கும். கீழே அடிஷனல் மவுஸ் செட்டிங்ஸ் என்பதைத் திறந்தால் நான் சொன்ன அந்தப் பழைய பெட்டி வரும், அதில் பாயிண்டர் ஆப்ஷன்ஸ் தாவலில் இதே இழுப்பான் 11 படிகளோடு இருக்கும். நடுவில் இருக்கும் 6வது படிதான் நேர்ப்படி: மவுஸ் ஓர் அடி சொன்னால் பாயிண்டர் ஒரு பிக்சல் நகரும். ஒரு படி கீழே வந்தால் முக்கால், இன்னொரு படி இறங்கினால் அரை. மேலே ஏற்றினால் ஒன்றரை, இரண்டு என்று போய்க் கடைசிப் படியில் மூன்றரை. இங்கேதான் விஷயமே இருக்கிறது. மூன்றரையில் வைத்தால் மவுஸ் எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடிக்கும் பாயிண்டர் மூன்று நான்கு பிக்சலைத் தாண்டிக் குதிக்கிறது, நடுவில் இருக்கும் பிக்சல்களில் அது நிற்கவே நிற்காது. 8 பிக்சல் ஓரத்தில் அதற்குக் கால் வைக்க இரண்டு, மூன்று இடம்தான் இருக்கிறது. பாயிண்டர் மந்தமாக இருக்கிறது என்று இந்த இழுப்பானைக் கடைசிவரை தள்ளிவைத்திருப்பவர்கள் நிறையப் பேர். அதற்குப் பதில் மவுஸின் டிபிஐயைக் கூட்டி, இழுப்பானை நடுவிலோ ஒரு படி கீழேயோ வைத்தால் வேகமும் கிடைக்கும், பாயிண்டர் பிக்சல் பிக்சலாகவும் நகரும். சக்கரத்துக்குப் பின்னால் சின்ன பட்டன் இருக்கிற மவுஸ்களில் பெரும்பாலும் அது டிபிஐயை மாற்றத்தான். தெரியாமல் அதை அழுத்திவிட்டு, மவுஸ் திடீரென்று பைத்தியம் பிடித்த மாதிரி ஓடுகிறது என்று சொல்பவர்களும் உண்டு.

இழுப்பானுக்குக் கீழே என்ஹான்ஸ் பாயிண்டர் பிரிசிஷன் என்று ஒரு டிக் பெட்டி. கேம் ஆடுபவர்கள் எல்லோரும் இதை முதல் வேலையாக அணைக்கச் சொல்வார்கள், இணையத்தில் எங்கே தேடினாலும் அதே அறிவுரைதான். அவர்களுக்கு அது சரி, ஏனென்றால் கை ஒரே தூரம் நகர்ந்தால் குறியும் எப்போதும் ஒரே தூரம் நகர வேண்டும் என்பது அவர்கள் தேவை. நமக்கு வேண்டியது வேறு. இந்த வசதி கையின் வேகத்தைப் பார்க்கிறது, வேகமாக வீசினால் பாயிண்டர் கூடுதல் தூரம் ஓடும், மெதுவாக நகர்த்தினால் குறைவாக நகரும். திரையின் மறுகோடிக்கு ஒரே வீச்சில் போய், ஓரத்துக்குப் பக்கத்தில் வந்ததும் கையை மெதுவாக்கினால் பாயிண்டர் தானே அடங்கி வரும். மேலே நான் போட்ட அரை, முக்கால் கணக்கெல்லாம் இது அணைந்திருக்கும்போதுதான். விண்டோஸில் இது ஏற்கெனவே ஆன் ஆகித்தான் வரும். யாரோ சொன்னார்கள் என்று அணைத்திருந்தால், அலுவலக வேலைக்கு மறுபடி ஆன் செய்துகொள்ளலாம்.

அதே பெட்டியில் பட்டன்ஸ் தாவலில் கிளிக்லாக் என்று ஒன்று கிடக்கிறது, அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஓரம் கிடைத்துவிடுகிறது, ஆனால் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே இழுக்கும்போது விரல் வலிக்கிறது, வழியில் நழுவிவிடுகிறது என்பவர்களுக்கான வசதி இது. ஆன் செய்துவிட்டால், பட்டனை ஒரு கணம் அழுத்தியிருந்து விட்டதும் அது பிடித்த நிலையிலேயே பூட்டிக்கொள்ளும். விரலை எடுத்துவிட்டு மவுஸை மட்டும் நகர்த்தி அளவைச் சரிசெய்யலாம், முடிந்ததும் இன்னொரு கிளிக், பூட்டு திறந்துவிடும். எவ்வளவு நேரம் அழுத்தினால் பூட்ட வேண்டும் என்பதையும் அங்கேயே மாற்றலாம். மூட்டு வலி உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கட்டாயம் ஆன் செய்து காட்டுங்கள்.

பாயிண்டரைப் பெரிதாக்கினால் ஓரம் பிடிப்பது சுலபமாகுமா என்று சிலர் கேட்பார்கள். ஆகாது. அம்பு எவ்வளவு பெரிதானாலும் கிளிக் விழுவது அதன் ஒரே ஒரு புள்ளியில்தான். ஆனால் அம்பு இரட்டைத் தலையாக மாறியதா இல்லையா என்பது நன்றாகத் தெரியும், கண் மங்கலாக இருப்பவர்களுக்கு அதுவே பெரிய உதவி. அக்சஸபிலிட்டி பகுதியில் மவுஸ் பாயிண்டர் அண்ட் டச் என்பதில் அளவு 1லிருந்து 15 வரை இருக்கிறது, நிறத்தையும் மாற்றலாம். 3 அல்லது 4 போதும், அதற்கு மேல் போனால் எழுத்தை மறைக்கும்.

அடுத்து ஓரத்தையே அகலமாக்குவது. விண்டோஸ் 7ல் இதற்கு பார்டர் பேடிங் என்று ஒரு பெட்டி இருந்தது, எண்ணை மாற்றினால் முடிந்தது. விண்டோஸ் 8ல் அந்தப் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள், ஆனால் அது சேமித்துவைத்த எண் விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேர்த்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் இன்னும் இருக்கிறது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கீ கரண்ட் யூசர், கண்ட்ரோல் பேனல், டெஸ்க்டாப், விண்டோமெட்ரிக்ஸ் என்று போனால் பேடட்பார்டர்வித் என்ற பெயரில் -60 என்று இருக்கும். பார்த்தால் புரியாத எண், ஆனால் கணக்கு எளிது: ஒரு பிக்சலுக்கு 15, முன்னால் ஒரு கழித்தல் குறி. -60 என்றால் 4 பிக்சல். அதை -150 ஆக்கினால் 10 பிக்சல், அதாவது ஓரம் 6 பிக்சல் கூடுகிறது. கழித்தல் குறியை விட்டுவிடாதீர்கள். மாற்றுவதற்கு முன் விண்டோமெட்ரிக்ஸ் மேல் வலது கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு நகல் எடுத்துவையுங்கள், மாற்றிய பின் சைன் அவுட் செய்து திரும்ப வந்தால்தான் பலன் தெரியும். டைட்டில் பாரும் கூடவே கொஞ்சம் தடிக்கும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தங்கள் ஓரத்தைத் தாங்களே வரைந்துகொள்ளும் செயலிகள் சில உண்டு, பிரவுசர்கள் மாதிரி. அவற்றில் மாற்றம் ஒரே சீராக இருக்காது. ரெஜிஸ்ட்ரியைத் தொடவே பயம் என்றால் வினேரோ ட்வீக்கர் என்ற இலவசச் செயலியில் இதே வேலையை ஓர் இழுப்பானை நகர்த்திச் செய்யலாம். அலுவலகக் கணினி என்றால் இரண்டுமே வேண்டாம், ஐடி ஆட்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி மூன்றாவது வழி. லினக்ஸ்காரர்களுக்கு இது பழைய சங்கதி. லினக்ஸில் டெஸ்க்டாப்பே பல வகை. அதில் ஒன்றான எக்ஸ்எஃப்சிஇயில் சில தீம்களின் ஓரம் ஒரே ஒரு பிக்சல், அதைப் பிடிக்க முடியவில்லை என்ற புலம்பல் பல வருடமாக இருக்கிறது. ஆனால் அங்கே ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு, விண்டோவுக்குள் எங்கே வேண்டுமானாலும் வலது பட்டனைப் பிடித்து இழுத்தால் அளவு மாறிவிடும். ஓரத்தைத் தேடவே வேண்டாம். பாயிண்டர் எந்த மூலைக்குப் பக்கத்தில் இருக்கிறதோ அந்த மூலை நகரும். கேடிஇ என்ற இன்னொரு வகையில் ஆல்ட்டுக்குப் பதில் விண்டோஸ் சின்னம் போட்ட விசை, வலது பட்டன் அதேதான். க்னோம் என்ற வகையில் அந்த விசையோடு நடுப் பட்டன். சக்கரத்தை அழுத்தி இழுப்பது தொல்லை என்றால் க்னோம் ட்வீக்ஸில் ரீசைஸ் வித் செகண்டரி கிளிக் என்பதை ஆன் செய்து வலது பட்டனுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஃபிட்ஸ் கணக்கில் பார்த்தால் 8 பிக்சல் குறி ஒரே அடியில் 600, 800 பிக்சல் குறியாகிவிட்டது, பாயிண்டர் ஏற்கெனவே அதன் மேல்தான் நிற்கிறது, போக வேண்டிய தூரமே இல்லை. இதற்கு முன் சொன்ன எல்லா செட்டிங்கும் சேர்ந்தாலும் இந்த லாபத்தின் பக்கத்தில் வராது.

விண்டோஸில் இதற்கு ஆல்ட்ஸ்னாப் என்ற சின்ன இலவசச் செயலி இருக்கிறது, முன்பு இருந்த ஆல்ட்டிராக் என்பதிலிருந்து கிளைத்தது. நிறுவியதும் ஆல்ட் + இடது பட்டன் இழுத்தால் விண்டோ நகரும், ஆல்ட் + வலது பட்டன் இழுத்தால் அளவு மாறும். ஒரே தொல்லை, ஃபோட்டோஷாப் மாதிரி ஆல்ட்டோடு கிளிக் செய்து வேலை பார்க்கும் செயலிகளில் இரண்டும் மோதிக்கொள்ளும். அப்போது ஆல்ட்டை விட்டுவிட்டு வேறு விசைக்கு மாற்றலாம், அல்லது அந்தச் செயலியை மட்டும் விலக்குப் பட்டியலில் போடலாம். ஓரிரு நாள் பழக்கம் பிடிக்கும்வரை விரல் பழைய ஞாபகத்தில் ஓரத்தைத் தேடி ஓடும், அப்புறம் இது இல்லாத கணினியில் உட்கார்ந்தால்தான் எரிச்சல் வரும்.

எதையும் நிறுவ முடியாத கணினி என்றால் கீபோர்டு இருக்கிறது. ஆல்ட் + ஸ்பேஸ் அழுத்தினால் விண்டோவின் மெனு வரும், அதில் சைஸ் என்பதைத் தேர்ந்தெடுங்கள், பிறகு வலது அம்பு விசையை ஒருமுறை தட்டுங்கள். பாயிண்டர் தானாகவே வலது ஓரத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இதற்கு மேல் அம்பு விசைகளாலும் நகர்த்தலாம், பட்டனை அழுத்தாமல் மவுஸை வெறுமனே அசைத்தும் அளவை மாற்றலாம், வேண்டிய அளவு வந்ததும் என்டர். ஓரத்தைப் பிடிக்கும் கஷ்டமான வேலையைக் கணினியே செய்துகொடுக்கிறது என்பதுதான் இதன் அழகு. சில கணினிகளில் பவர்டாய்ஸ் மாதிரி வேறு செயலி ஆல்ட் + ஸ்பேஸைத் தனக்கென்று எடுத்துவைத்திருக்கும், அப்போது இது வேலை செய்யாது.

பிடிஎஃப், வேர்ட் மாதிரி இரண்டு விண்டோ பக்கம் பக்கமாக வேண்டும் என்பது மட்டும்தான் தேவை என்றால் இவ்வளவும் கூட வேண்டாம். விண்டோஸ் விசை + இடது அம்பு ஒன்றுக்கு, மற்றதுக்கு வலது அம்பு, திரை சரிபாதியாகப் பிரிந்துவிடும். பாதிப் பாதி பிடிக்கவில்லை என்றால் நடுவில் இரண்டும் சேரும் இடத்தைப் பிடித்து இழுத்தால் ஒன்று குறைய மற்றது கூடும். உயரத்தை மட்டும் திரை முழுக்க நீட்ட, மேல் ஓரத்தில் இரட்டைத் தலை அம்பு வந்ததும் இரட்டைக் கிளிக் செய்யுங்கள், அகலம் அப்படியே இருக்கும்.

மேக்கில் 2011ல் லயன் பதிப்பு வருவதற்கு முன்பு வரை விண்டோவின் வலது கீழ் மூலையைப் பிடித்து மட்டும்தான் அளவை மாற்ற முடியும், இப்போது எந்த ஓரத்தையும் பிடிக்கலாம். ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு ஒரு ஓரத்தை இழுத்தால் எதிர் ஓரமும் கூடவே நகரும். 2025ல் வந்த டஹோ பதிப்பில் மூலைகளை ரொம்ப வளைத்துவிட்டதால் பிடிக்கக் கஷ்டமாக இருக்கிறது என்று பலரும் குறைப்பட்டார்கள். அங்கேயும் வளைவுக்குச் சற்று வெளியே குறிவைப்பதுதான் வழி.

இதையெல்லாம் செய்த பிறகும் இழுத்துக்கொண்டிருக்கும்போது ஓரம் பாதியில் நழுவினால் செட்டிங்கை விட்டுவிட்டு மவுஸைப் பாருங்கள். கண்ணாடி மேசையிலும் பளபளப்பான சன்மைக்காவிலும் ஆப்டிகல் மவுஸ் தடுமாறும், பாயிண்டர் நின்ற இடத்தில் நிற்காமல் துள்ளும். அடியில் ஒரு வெள்ளைத் தாளை வைத்துப் பார்த்தாலே வித்தியாசம் தெரிந்துவிடும். பாயிண்டர் துள்ளவில்லை, ஆனால் பிடி விட்டுப்போகிறது, அதோடு ஒரு கிளிக் செய்தால் இரண்டு கிளிக்காக விழுகிறது என்றால் பட்டனுக்கு அடியில் இருக்கும் ஸ்விட்ச் தேய்ந்துவிட்டது. உறுதிசெய்ய, மவுஸ் பிராப்பர்ட்டீஸில் வலது, இடது பட்டன்களை மாற்றிவிட்டு வலது பட்டனால் இழுத்துப் பாருங்கள். அது நழுவவில்லை என்றால் சந்தேகமே இல்லை, இடது ஸ்விட்ச்தான். புது மவுஸ் வாங்கும்வரை அப்படியே மாற்றிவைத்து ஓட்டலாம்.